தேநீர்க்கடைச் சீனம்

சீன மொழியைச் செவ்வையாகப் பயில விரும்புகிறவன் வடக்கே பெய்ஜிங் நகருக்குத்தான் செல்ல வேண்டும் என்பதும், தெற்கே கடலோரத்தில் தங்கிப் பயில்கிறவன் உச்சரிப்பைக் கெடுத்துக்கொண்டுதான் ஊர் திரும்புவான் என்பதும், இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் எனக்கு முன்கூட்டியே கூறிய புத்திமதி. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஃபூஜியன் மாகாணத்து ஷியாமென் நகரை நான் தேர்ந்துகொண்டதற்கு மகத்தான காரணம் எதுவுமில்லை. குளிருக்கு அஞ்சுகிறவன், கடலைப் பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். ஆயினும் பெய்ஜிங்கில் எனக்குக் கிட்டியிராத ஒரு பாக்கியம் அங்கே கிட்டியது: நான் கற்கச் சென்ற மொழியை அவ்வூராரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கற்றவர்களாகவே இருந்தார்கள்.

அவர்கள் வீட்டில் பேசுவது மின்னான் மொழி. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஹொக்கியன் என்று வழங்குவது அதுவே. தேசம் முழுமைக்கும் பொதுமொழியாக அரசாங்கம் 1956 முதல் பரப்பிவரும் புதொங்ஹுவா வடக்கத்திப் பேச்சை ஆதாரமாகக் கொண்டது. எழுத்து இரண்டுக்கும் பொதுவென்றாலும், ஒன்றை மாத்திரம் அறிந்தவன் காதுக்கு மற்றொன்று விளங்காது. பள்ளிப் பிள்ளைகள் பொதுமொழியை மணிமணியாகப் பேசினார்கள். அவர்களுடைய தாத்தாக்களும் பாட்டிகளும் பேசினால், வாக்கியத்தின் நடுவே நின்று, யோசித்து, பக்கத்திலிருந்த பேரனைப் பார்த்து, பிறகு மேலே தொடர்ந்தார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். ஆகையால் அந்த முதியவர்களோடுதான் எனக்கு மிகவும் ஒத்துப்போயிற்று.

நான் படித்த பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் ரப்பராலும் அன்னாசிப்பழத்தாலும் பெரும்பொருள் ஈட்டிய தான் கா கீ என்னும் வணிகர் 1921-ஆம் ஆண்டில் தம் சொந்த மாகாணத்துக்குச் செய்த வித்யா தானம். கீழே மேனாட்டுப் பாணியில் கருங்கல் சுவர்களும், மேலே முனை வளைந்த சீனக் கூரைகளுமாக நிற்கும் பழைய கட்டடங்களைப் பார்த்த மாத்திரத்திலேயே, கட்டியவர் இரண்டு கரைகளிலும் வாழ்ந்தவர் என்பது புலப்பட்டுவிடும். அந்தப் பரம்பரையை ஒட்டித்தானோ என்னவோ, என் வகுப்பில் கணிசமானவர்கள் இந்தோனேசியாவிலிருந்து வந்த சீன வம்சத்தவர்கள். கடைக்காரர்கள் அவர்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சரளமாகப் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களோ என்னைப்போலவே விழிப்பார்கள். அவர்களுடைய நாட்டில் 1966-இல் மூடப்பட்ட சீனப் பள்ளிகள், 1998-இல் சுகார்த்தோ பதவி விலகும்வரை திறக்கப்படவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதத் தெரியாமலே வளர்ந்தது. பாட்டியின் சமையலறையில் காதில் விழுந்த ஹொக்கியன் பேச்சு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வகுப்பில் ஆசிரியை அதை ஒப்புக்கொள்வதில்லை, சந்தையில் அதற்குத்தான் நல்ல விலை கிடைத்தது. நேட்டாலுக்கும் ரெயூனியனுக்கும் கப்பலேறிய நம்மவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கதையை அறிந்தவனுக்கு இதில் நூதனம் இல்லை.

உச்சரிப்பு வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான்கு தொனிகள்தாம் பிராணனை வாங்கும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்; பாடிப் பாடிப் பழகினால் அவை ஒருவாறு படிந்துவிடுகின்றன. தமிழனை மடக்குவது வேறொன்று. நம் எழுத்தில் ககரத்துக்கு ஒரே வடிவம், தகரத்துக்கு ஒரே வடிவம், பகரத்துக்கும் அவ்வாறே. மூச்சைத் தள்ளி உச்சரிப்பது, தள்ளாமல் உச்சரிப்பது என்ற பேதத்தை வடமொழியும் ஹிந்தியும் பயின்றவர்கள் அறிவார்கள். நமது நாவோ அதைப் பொருட்படுத்தாமலே வளர்ந்துவிட்டது. சீனத்தில் அந்த ஒரு மூச்சினால் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. ஆசிரியை மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை என் உதடுகளுக்கு நேரே பிடித்துக்கொண்டு, காகிதம் படபடத்தால் தலையசைப்பார், அசையாமல் தொங்கினால் மறுபடியும் சொல்லச் சொல்வார். இதற்கு ஈடுசெய்வதுபோல் வேறிடத்தில் எனக்கு ஒரு சுகம் காத்திருந்தது. ஐரோப்பிய மாணவர்கள் நாக்கை மடிக்க முடியாமல் வியர்த்து விறுவிறுத்த வடக்கத்தி ரகரம், ஏறக்குறைய நம் ழகரமேதான். அதை நான் முதல் முறையே சொல்லிவிட்டபோது ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். தெற்கத்திக்காரரான அவருக்கே அது பயிற்சியால் வந்த ஒலி என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

எழுத்துப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டம் போட்ட நோட்டுப்புத்தகத்தில், மேலிருந்து கீழும் இடமிருந்து வலமுமாக, கோட்டின் வரிசை பிசகாமல், மாலை முழுவதும் எழுதுவது, மறுநாள் காலையில் பாதி மறந்திருப்பது, திரும்பவும் எழுதுவது. காங்ஷி சக்கரவர்த்தியின் அகராதி எழுத்துகளையெல்லாம் 214 மூலக்கூறுகளுக்குள் அடக்கிவிட்டது என்று கேட்டு ஆறுதல் அடைகிறவன், அந்த ஆறுதல் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைத் தானே கண்டுகொள்வான்.

பகலில் படித்ததெல்லாம் உயிர்பெற்றது விடுதிக்குச் செல்லும் சந்தில் இருந்த தேயிலைக் கடையில்தான். அந்தப் பக்கத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சரக்கைக் காட்டுவதற்கு முன்னால் தேநீரைக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரப் பெரியவர் ஆன்ஷியில் விளைந்த தியே குவான்யின் இலையை ஒரு கைப்பிடி அள்ளி மூடியுள்ள கிண்ணத்தில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு, அந்த முதல் நீரைக் கிண்ணிகளின்மேல் ஊற்றிக் கழுவிக் கொட்டிவிட்டு, இரண்டாவது நீரைத்தான் குடிக்கத் தருவார். கிண்ணி ஒன்றில் இரண்டு மிடறுக்கு மேல் இராது. அது காலியாகக் காலியாக அவர் நிரப்பிக்கொண்டே இருப்பார். வாங்கிக்கொள்கிறவன் வாயால் நன்றி சொல்ல வேண்டியதில்லை, இரண்டு விரல்களால் மேஜையைத் தட்டினால் போதும். நாவை மடித்துச் சொல்ல வேண்டிய ஒலி அவருக்கு வாராது. பத்து என்று அவர் சொன்னால் நாலு என்று என் காதில் விழும், தொனியைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். அதிலும் சந்தேகம் எழுந்தால், சிந்திய தேநீரில் விரலைத் தொட்டு மேஜைப் பலகையில் எழுத்தை எழுதிக் காட்டுவார். ஈரம் உலர்வதற்குள் அதை நான் படித்துவிட வேண்டும்! எந்தப் பரீட்சையிலும் நான் அவ்வளவு விரைவாகப் படித்ததில்லை.

சாப்பாட்டுக்குத்தான் சற்றுத் திண்டாட்டம். கீரையைக் கேட்டால் பன்றிக்கொழுப்பில் வதக்கிய கீரை வரும். நல்ல வேளையாக, பல்கலைக்கழக வாசலை ஒட்டினாற்போல் நான்புதோ பௌத்த ஆலயம் இருக்கிறது. அதன் சைவ போஜன சாலை என்னைக் காப்பாற்றியது. எதிர்க்கரையிலுள்ள குலாங்யூ தீவைப் பார்க்க உலகமே வந்து குவிகிறது. மோட்டார் வண்டி நுழையாத தெருக்களும் பழைய பங்களாக்களும் அழகானவைதாம், ஆனால் ஜன சந்தடியில் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நான் மறுபடியும் மறுபடியும் போக விரும்பிய ஊர் சுவான்சோ. அதிவேக ரயிலில் ஏறினால் அரைமணிப் பொழுதில் கொண்டுவிட்டுவிடும். இந்தியன் என்று தெரிந்தவுடன் பக்கத்து ஆசனத்து இளைஞன் ஆமிர்கானைப் பற்றிக் கேட்பான். எதிரில் இருக்கும் முதியவர் ராஜ்கபூரின் ‘ஆவாரா’ப் பாட்டை முணுமுணுப்பார். மார்க்கோ போலோ ஜைத்தூன் என்று புகழ்ந்த துறைமுகம் அது. 1281-ஆம் ஆண்டில் சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய மன்னரின் நலத்தின் பொருட்டு அங்கே சிவபெருமானைப் பிரதிஷ்டை செய்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் அமைந்தது. அந்தக் கோயில் எப்போதோ அழிந்துவிட்டது. அவ்வூரில் அழிந்துபோன ஹிந்து ஆலயம் ஒன்றைச் சேர்ந்த பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டை மாத்திரம், 686-இல் தோன்றிய காய்யுவான் பௌத்த ஆலயத்தின் பிரதான மண்டபத்தினுடைய பின்புறத்தில் இன்றும் காணலாம்.

அத்தூண் ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் அதையே பார்த்து நிற்பதைக் கண்டு, இந்தச் சிங்க முகத்தவர் யார் என்று தமக்குத் தெரிந்த பொதுமொழியில் கேட்டார். வங்கியில் கணக்குத் தொடங்குவதற்கும் விடுதியில் அறை மாற்றிக்கொள்வதற்கும் போதுமான சொற்களை வைத்துக்கொண்டு நான் இரணிய வதத்தைச் சொல்லத் தொடங்கினேன். உள்ளும் அல்ல, வெளியும் அல்ல என்ற இடம் வந்தபோது, சீனக் கோயில்களுக்கே உரிய உயர்ந்த வாயிற்படியின்மேல் ஏறி நின்று காட்டினேன். பிளந்த தூணுக்குத் தூணையே தட்டினேன். பெரியவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதும் கேட்டார்.

அச்சமயம் வடக்கேயிருந்து வந்த யாத்திரிகர் கூட்டம் ஒன்று அவ்வழியே வரவே, அவர் உற்சாகமாக அவர்களை நிறுத்தி, கதையை முதலிலிருந்து தாமே சொன்னார். குழந்தை பிரகலாதனுக்கு ஒரு பாட்டியையும், அரசனுக்குப் பேராசை பிடித்த மந்திரி ஒருவனையும் போகிற போக்கில் சேர்த்துக்கொண்டார். அவருடைய மின்னான் உச்சரிப்பு வடக்கத்திக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. அவர்களில் ஒரு பெண்மணி என் பக்கம் திரும்பி, பெரியவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்; பாட்டியையும் மந்திரியையும் விட்டுவிடவில்லை.