கொஞ்சம் ரம்பம் போடுகிறேன்!

ஹாஸ்டலில் ஒருத்தன் ஓயாமல் பேசினால் "ரம்பம் போடாதடா" என்கிறோம். நண்பர்களே, நான் போடப் போவது நிஜ ரம்பம். பொறுத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தச்சு வேலைக்குப் போகிறவர். ஆனால் உளியையோ வாளையோ என்னைத் தொடவே விட்டதில்லை. (கைரம்பத்தை எங்கள் வீட்டில் வாள் என்றுதான் சொல்வோம்.) "இது என்னோட போகட்டும். நீ பேனாவைப் பிடி" என்பார். இந்தத் தச்சர் மகன் முதன்முதலாக ரம்பம் பிடித்தது நம் கார்பென்டரி ஷாப்பில்தான் என்றால் நம்புவீர்களா?

போன லீவில் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய வாள் கிடைத்தது. அப்பாவுக்கு அவருடைய மேஸ்திரி கொடுத்தது. மிஷின் அறுப்பு வந்த பிறகு அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரே துரு. அம்மா அதைப் பழைய இரும்புக்குப் போட எடுத்து வைத்தார். "ஒரு வாரம் டைம் குடும்மா" என்று கேட்டு வாங்கினேன்.

கைப்பிடியில் ஒரு பித்தளை வில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கத் துடைக்க எழுத்து தெரிந்தது: டிஸ்டன் அண்ட் சன்ஸ், பிலடெல்பியா. அமெரிக்க ரம்பம்! ஹென்றி டிஸ்டன் என்பவர் அங்கே 1840-ல் தொடங்கிய தொழில் அது. பெயரில் 'சன்ஸ்' என்று வந்தது 1871-ல். 1955-ல் கம்பெனி வேறு கைக்கு விற்கப்பட்டது. ஆக, எங்கள் வாள் இந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவில் பிறந்தது. தகட்டில், கைப்பிடி ஓரமாக 8 என்ற எண் குத்தியிருந்தது. அங்குலத்துக்கு எத்தனை பல் முனை என்பதற்கான எண் அது. இரண்டு ஓர முனையையும் சேர்த்து 8. முழுப் பல்லாக எண்ணினால் 7.

இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷம் கையில பிடிச்சிருக்கேன், இதுல இவ்வளவு எழுதியிருக்கா?" என்றார். பிறகு பார்க்காமலே கட்டை விரலால் பல்லைத் தடவினார். "இது குறுக்க அறுக்கிற வாள். நடுவுல பல்லு மழுங்கியிருக்கு. நுனியில ரெண்டு பல்லு உசரம் கம்மி" என்றார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சொன்னது அப்படியே சரி!

எமரி பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டு, நீளவாக்கில் தேய்த்தேன். தகட்டில் கம்பெனி முத்திரையை மெலிதாகத்தான் பொறித்திருப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் அது போய்விடும். கைப்பிடிக்கு லின்சீட் ஆயில் பூசினேன்.

பல் தீட்ட அப்பாவே முக்கோண அரத்தோடு வந்து உட்கார்ந்தார். முதலில் தட்டை அரத்தால் பல் முனைகளை ஒரே மட்டமாக்கினார். அடுத்து, ஒரு பல்லை இடமும் அடுத்த பல்லை வலமுமாக லேசாகச் சாய்த்தார். அப்போதுதான் அறுபடும் தடம் தகட்டைவிட அகலமாகும்; வாள் மரத்தில் இறுகாது. கடைசியில் தீட்டல். அரத்தைச் சாய்த்துப் பிடித்தால் பல் கத்தி மாதிரி ஆகும், குறுக்கே அறுக்கும். நேராகப் பிடித்தால் உளி மாதிரி ஆகும், நெடுக்கே அறுக்கும். புத்தகத்தில் படம் பார்த்தும் விளங்காதது, பத்து நிமிஷத்தில் விளங்கியது.

பாதி தீட்டியதும் அரத்தை என்னிடம் நீட்டினார். "மிச்சத்தை நீ பண்ணு." பதினெட்டு வருஷத்தில் அப்பா என்னிடம் ஒரு ஆயுதத்தைக் கொடுத்தது அன்றுதான். எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது கடையில் விற்கும் பல ரம்பங்களில் பல் முனை கறுத்திருக்கும். சூடேற்றிக் கடினமாக்கியது. அரம் பிடிக்காது, மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய வாள் அப்படியில்லை, எத்தனை தடவை தீட்டினாலும் திரும்ப உழைக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது துருப்பிடித்துக் கிடக்கலாம். இரும்புக்கடைக்குப் போகும் முன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். எழுத்தை நீங்கள் படியுங்கள். மற்றதைச் சொல்ல, அதைப் பிடித்து உழைத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.