அப்பாவின் ஃபிக்சர்... மகளின் மியூனிக் படிப்பு!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களைத் தாண்டி உள்ளே போனால், இன்னோர் உலகம் இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். அவ்வளவுதான் ஒரு தொழிற்சாலை. பெரிய வாகன உதிரிபாக நிறுவனங்களுக்கு ‘ஜாப் ஒர்க்’ செய்து கொடுப்பதுதான் இவர்கள் பிழைப்பு.

இங்கே கண்டுபிடிப்புகளுக்குக் குறைவே இல்லை. யாரும் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். “ஒரு ஐடியா பண்ணேன் சார், வேலை சுலபமாயிடுச்சு” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அப்படி ‘ஒரு ஐடியா’ பண்ணிய பட்டறைக்காரரின் மகள்தான், 2024 அக்டோபரில் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய், அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தில் எல்எல்.எம். சேர்ந்தார். கள்ளிக்குப்பத்தில் இருக்கும் வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுத்தான் போனார்.

கைவிட்டுப் போன ஆர்டர்

2008-ல் நடந்தது இது. ஒரு பிராக்கெட்டில் இரண்டு கோணங்களில் துளை போட வேண்டிய வேலை. எல்லோரும் ஒரு துளை போட்டு, பிராக்கெட்டைக் கழற்றி, திருப்பி மாட்டி, அடுத்த துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டிக் கழற்றும்போது அளவு தவறி, ரிஜெக்‌ஷனும் ஆகும். மகளின் அப்பா ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு ஃபிக்சர் செய்தார். பிராக்கெட்டை ஒரே ஒரு தடவை மாட்டினால் போதும். ஒரு கைப்பிடியைத் திருப்பினால் அடுத்த கோணம் வந்துவிடும். பாதி நேரம் மிச்சம், ரிஜெக்‌ஷனும் குறைந்துபோனது.

ஆர்டர் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பாராட்டினார்கள். டிராயிங் கேட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்பா டீயும் வாங்கிக் கொடுத்து, டிராயிங்கையும் கொடுத்து அனுப்பினார். 2010-ல் அதே வேலை, அதே மாதிரி ஃபிக்சரோடு, பீஸுக்குச் சில காசுகள் குறைவாகக் கேட்ட வேறொரு பட்டறைக்குப் போய்விட்டது. இரண்டு ஆட்களை நிறுத்த வேண்டியிருந்தது. அம்மாவின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின.

எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு, வீட்டில் நடந்த பேச்சு முழுதாகப் புரியவில்லை. “நாம செஞ்சது எப்படிப்பா அவங்களோடது ஆச்சு?” என்ற கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

பிளஸ் டூவுக்குப் பிறகு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். அதை முடித்ததும், பட்டரைபெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்எல்.பி. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பஸ். “இன்ஜினீயரிங் படிச்ச பொண்ணு எதுக்கும்மா கருப்புக் கோட்டு போடணும்?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆனால், இந்தத் துறையில் அதுதான் பலம். இந்தியாவில் காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய அறிவியல், இன்ஜினீயரிங் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் மட்டும் இருந்தால் அந்தத் தேர்வை எழுத முடியாது.

உலகமே ஒரு வகுப்பில்

அவர் சேர்ந்த மியூனிக் அறிவுசார் சொத்துச் சட்ட மையம் 2003-ல் தொடங்கப்பட்டது. மாக்ஸ் பிளாங்க் சொசைட்டி, ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகம், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது. ஒரு வருடப் படிப்பு. பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். சட்டம் படித்தவர்களோடு, இன்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகமும், ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகமும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

போவதற்கு முன் பட்ட பாடு தனிக்கதை. இந்திய மாணவர்கள் ஜெர்மனிக்கான விசா வாங்க, சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏ.பி.எஸ். சான்று பெற வேண்டும். ஒரு வருடச் செலவுக்கான பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். அன்றைய மதிப்பில் 10 லட்சம் ரூபாய்க்கும் மேல். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகப் படிப்புகள் பெரும்பாலும் இலவசம்தான். ஆனால், இந்த மாதிரிச் சிறப்புப் படிப்புகளுக்குக் கட்டணம் உண்டு. அதனால்தான் வீட்டுப் பத்திரம்.

“இருபத்தஞ்சு வருஷம் லேத்துல நின்னு கட்டுன வீடுங்க” என்றார் அம்மா.

“வீடு எங்கயும் போயிடாது. அவ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலையே” என்றார் அப்பா.

முதல் சில வாரங்கள் குளிரும் தனிமையும் படுத்தி எடுத்தன. ஆனால், வகுப்பில் ஒருநாள் ‘சென்னை’ என்ற பெயர் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மருந்து வழக்கு. ஸ்விட்சர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை, 2006 ஜனவரியில் மறுத்தது சென்னை காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டால், அதன் குணமளிக்கும் திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் மருந்தை, இந்திய நிறுவனங்கள் சுமார் 10,000 ரூபாய்க்குள் கொடுக்க முடிந்தது. பல நாட்டு மாணவர்களும் அந்தத் தீர்ப்பை வரிவரியாக விவாதித்தார்கள்.

அந்தச் சட்டத்தின் வேரிலும் ஒரு தமிழர் இருக்கிறார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என்.ராஜகோபால அய்யங்கார், 1959-ல் கொடுத்த அறிக்கையை அடிப்படையாக வைத்துத்தான் 1970-ம் வருடக் காப்புரிமைச் சட்டம் எழுதப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்களே பெரும்பாலான காப்புரிமைகளை வைத்திருந்த காலத்தில், மருந்துக்கும் உணவுக்கும் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை கொடுத்தால் போதும் என்று வழிகாட்டிய அறிக்கை அது. 2005-ல்தான் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்ற நிலை மீண்டும் வந்தது.

லேத் வழக்கு சொன்ன பதில்

படிக்கப் படிக்க, அப்பாவின் ஃபிக்சர் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்க ஆரம்பித்தது. ஆனால், அது மகள் எதிர்பார்த்த விடை இல்லை.

காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண்டுபிடிப்பு வெளியே தெரிந்துவிட்டாலோ, பயன்பாட்டுக்கு வந்துவிட்டாலோ சிக்கல்தான். அப்பா இரண்டு வருடம் அந்த ஃபிக்சரை ஓட்டியிருந்தார். வருகிறவர், போகிறவருக்கெல்லாம் காட்டியும் இருந்தார்.

சரி, முதல் நாளே விண்ணப்பித்திருந்தால்? அதற்கும் ஒரு வழக்கு பதில் வைத்திருந்தது. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரங்களை லேத்தில் கடைசல் பிடிக்கும்போது, பாத்திரம் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு முறையை உருவாக்கி, காப்புரிமையும் வாங்கியிருந்தது ஒரு நிறுவனம். 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே தெரிந்த விஷயத்தில் செய்யப்பட்ட வெறும் பட்டறை மேம்பாடு, கண்டுபிடிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அம்பத்தூர் ஃபிக்சரும் அதே தராசில்தான் நின்றிருக்கும்.

ஜெர்மனியில் இப்படிப்பட்ட சின்னக் கண்டுபிடிப்புகளுக்காகவே 1891 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. ஆழமான பரிசோதனை இல்லாமல் சீக்கிரம் பதிவு செய்துவிடுவார்கள். அதிகபட்சம் 10 வருடப் பாதுகாப்பு. கண்டுபிடித்தவரே வெளியே சொல்லிவிட்டாலும், 6 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் போதும். ஜப்பானிலும் சீனாவிலும்கூட இதுபோன்ற சட்டம் உண்டு. இந்தியாவில் இல்லை. 2011-ல் மத்திய அரசு இது பற்றி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டதோடு சரி.

‘இதுதான் வழி! இதைத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும்’ என்று முடிவு செய்து, அதையே ஆய்வுக் கட்டுரைக்கான தலைப்பாக எடுத்தார் மகள். பாதி எழுதும்போதுதான் இன்னொரு தீர்ப்பு கண்ணில் பட்டது. 2006-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமே, சின்னக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமைக்கு நிகரான அறிவுத்திறன் தேவை என்று சொல்லியிருந்தது. அதாவது, பதிவு சுலபம். வழக்கு என்று வந்தால் அதே உயரத்தைத்தான் தாண்ட வேண்டும். வழக்கு நடத்தப் பணம் இருப்பவருக்கே அது ஆயுதம். ஒரு பெரிய நிறுவனம் இதே சட்டத்தில் நூறு பதிவுகளைப் போட்டு வைத்தால், சின்னப் பட்டறைக்காரர் எதையும் தொட முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு.

அன்று இரவு வாட்ஸ்அப்பில் அப்பாவை அழைத்தார். “அப்பா, எந்தச் சட்டத்துல தேடினாலும் உங்க ஃபிக்சருக்கு முழுப் பாதுகாப்பு கிடைக்கல...”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ நான் ஏமாறலையா பாப்பா? சட்டப்படி அது சரியா?” என்றார்.

அந்தக் கேள்விதான் ஆய்வின் திசையை மாற்றியது. டிராயிங்கை அவர்கள் எடுத்துக்கொண்டதைக் காப்புரிமைச் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். ஆனால், ‘இதை நம்பிக் கொடுக்கிறேன், வேறு யாருக்கும் காட்டக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை மீறியதற்காக நீதிமன்றம் போயிருக்க முடியும். தொழில் ரகசியத்துக்கு என்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. அதற்கு ஒரு வரைவு மசோதாவையே 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் சட்ட ஆணையம் கொடுத்திருக்கிறது. ஆனால், இன்றைக்கும் ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு போடலாம். அப்பாவிடம் இல்லாமல் போனது ஒரு பக்கத் தாள்!

திரும்பி வந்த பிறகு

2025 இறுதியில் மகள் ஊர் திரும்பினார். அங்கேயே வேலை தேடலாம் என்று வகுப்புத் தோழிகள் சொன்னார்கள். வீட்டுக் கடனை நினைத்தால் அதுவே நல்லது என்று அவருக்கும் தோன்றியது. ஆனால், ஐரோப்பிய நிறுவனங்களுக்கு வேலை பார்க்க ஆள் இருக்கிறது, கள்ளிக்குப்பத்துக்கு இல்லை என்று முடிவெடுத்து வந்துவிட்டார். இப்போது கிண்டி பக்கம் ஓர் அலுவலகத்தில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதுகிறார். சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்குப் போகிறது. சனிக்கிழமைகளில் அப்பாவின் பட்டறை.

முதல் வேலையாக, அப்பா வருடக்கணக்கில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த பர்ச்சேஸ் ஆர்டர்களைப் புரட்டினார். பல ஆர்டர்களின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த வேலைக்காகச் செய்யப்படும் டிராயிங், டை, ஃபிக்சர் எல்லாமே ஆர்டர் கொடுப்பவருக்குச் சொந்தம்.

“இதைப் படிச்சீங்களாப்பா?”

“முன்பக்கம் ரேட்டு மட்டும்தான் பார்ப்பேன் பாப்பா.”

இப்போது புதிய ஆர்டர் வந்தால், அந்த வரியைப் பற்றிப் பேசுகிறார்கள். டிராயிங் வெளியே போகும் முன், ஒரு பக்க ரகசியக் காப்பு ஒப்பந்தம் போகிறது. அப்பாவுக்கு முதலில் பயம்தான். “கையெழுத்து கேட்டா ஆர்டரே போயிடும்மா” என்றார். அவர் பயந்தது பாதி நடந்தது. ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னொருவர், “எங்க கம்பெனியில இதெல்லாம் வழக்கம் இல்லை” என்று எழுந்து போனவர்தான், திரும்ப வரவில்லை. அந்த மாதம் பட்டறையில் ஒரு மெஷின் பல நாள் சும்மா நின்றது. சட்டம் தெரிவது வேறு, பேரம் பேசும் பலம் வேறு என்பதை மியூனிக்கில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே மாதிரித் தாளைக் கேட்டால் மறுப்பது கடினம் என்பதால், அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார் மகள்.

படிக்க விரும்புகிறவர்கள் கவனத்துக்கு...

* வெளிநாட்டு ஒரு வருட எல்எல்.எம். பட்டத்தை வைத்து இங்கே கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், அங்கீகார விதிகளை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

* மியூனிக் மட்டுமே வழி இல்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பு, இத்தாலியின் டுரின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஓர் எல்எல்.எம். நடத்துகிறது. தகுதி உள்ள சிலருக்கு உதவித்தொகையும் உண்டு.

* கடன் வாங்கும் முன், படிப்புக் கட்டணத்தோடு முடக்கக் கணக்கு, காப்பீடு, வீட்டு வாடகை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* சொந்தமாகக் கண்டுபிடித்தவர்களுக்கு: தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைனில் காப்புரிமை விண்ணப்பத்துக்கான அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பெரிய நிறுவனங்களுக்கு 8,000 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் தனி. யாருக்கும் காட்டும் முன் விண்ணப்பிப்பது முக்கியம்.

போன வாரம் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு கவரோடு வந்தார். உள்ளே ஒரு பர்ச்சேஸ் ஆர்டர், இன்னும் கையெழுத்துப் போடாதது. “பின்பக்கம் என்னமோ எழுதியிருக்கும்மா. ஒரு தடவை படிச்சுச் சொல்லிடேன்” என்றார்.