இட்லி குண்டாவுக்கு ஆப்பு!

உங்க வீட்டு இட்லி குண்டாவை என்னைக்காவது உத்துப் பார்த்திருக்கீங்களா? அடியில் தண்ணீர் ஊற்ற ஒரு பானை, நடுவில் ஓட்டை போட்ட தட்டு, மேலே மூடி. இப்போ தண்ணீருக்குப் பதிலா அடுப்புக்கரி, மாவுக்குப் பதிலா மசாலா தடவின கோழிக்கால்னு கற்பனை பண்ணிப் பாருங்க. ஃபாரின்ல தோட்டத்துல வெச்சுக் கறிக்குப் புகை போடுவாங்களே, 'ஸ்மோக்கர்'னு ஒரு ஐட்டம்... அதோட மினி மாடல் ரெடி! மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடற மாதிரின்னு நினைச்சேன். கடைசியில் எனக்குத்தான் அல்வா.

எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு கேட்கறீங்களா? எல்லாம் எங்க அமுச்சிக்காக. (அம்மாவைப் பெத்தவங்களை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.) காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அமுச்சியின் விறகடுப்புக்கு மேலே எப்பவும் ஒரு கயிறு தொங்கும். உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறியை அதில் கோர்த்திருப்பார். உப்புக்கண்டம்! தினமும் சமைக்கிற புகை அதில் படிந்துகொண்டே இருக்கும். திருப்பூரில் எங்க லைன் வீட்டுக்கு வந்த பிறகு அந்த அடுப்பும் இல்லை, கயிறும் இல்லை. கேஸ் அடுப்பில் என்னதான் செய்து கொடுத்தாலும், "கறியில வாசமே இல்லியே கண்ணு" என்று ஒரே பாட்டு.

அது என்ன வாசம்னு கொஞ்சம் தோண்டினேன். மரத்தில் 'லிக்னின்' என்று ஒரு பொருள் இருக்கிறது. காற்று பத்தாமல் மரம் கனலும்போது அது உடைந்து குவயகால், சிரிங்கால் என்று வாயில் நுழையாத பேர்களில் ஆவியாக வருகிறது. 'புகை வாசம்'னு நாம சொல்றது பெரும்பாலும் இதைத்தான். இது ஒண்ணும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு இல்லீங்க. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டை அந்த ஊர்க்காரங்க காலங்காலமாப் புகை போட்டுத்தான் பத்திரப்படுத்தறாங்க. மாலத்தீவு, மினிக்காய் பக்கத்து மாசிக் கருவாடும் அப்படித்தான். சூரை மீனை வேகவெச்சு, புகை போட்டு, காயவெச்சு எடுக்கறது.

இதில் ஒரு மேட்டரை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்குங்க. கரி என்பதே காற்றை அடக்கி மரத்தை எரித்து, புகையையெல்லாம் முன்கூட்டியே துரத்திவிட்ட சரக்கு. அதனால் கரி சூட்டை மட்டும்தான் தரும். வாசத்துக்கு மேலே ஒரு துண்டு காய்ந்த மரம் வைக்க வேண்டும்.

முதல் பலி, அமுச்சியின் அலுமினிய இட்லி குண்டா. தேய்ப்புக்கடை அண்ணனிடம் ரெண்டு கை கரி வாங்கி நேரா பானைக்குள்ளேயே கொட்டினேன். பத்த மாட்டேன்னு அடம் பிடிக்கவும், தங்கச்சியோட ஹேர் டிரையரைத் தூக்கிட்டு வந்து 'உஷ்ஷ்ஷ்...'னு ஊதினேன். கரி ஜகஜோதியா ஜொலிச்சது. கொஞ்ச நேரத்தில் குண்டாவின் அடிப்பாகம் தொப்பை மாதிரி கீழே இறங்கி, பொத்துக்கொண்டு மொட்டை மாடித் தரையில் விழுந்தது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஊதிவிட்ட கரி அதை அசால்டாகத் தாண்டும். ரெண்டும் எனக்குத் தெரியும். மெட்டலர்ஜி பேப்பர்ல எழுதி பாஸ் பண்ணினவன்தான். என்ன பிரயோஜனம்?

"என்ற கண்ணாலத்துக்கு எங்கண்ணன் வாங்கிக் குடுத்த குண்டாடா அது!" அமுச்சி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்தது எவர்சில்வர். பழைய பாத்திரக் கடையில் எடை போட்டு வாங்கிய குண்டா. எவர்சில்வர் உருக 1,400 டிகிரி வேணும், பயமில்லை. பனியன் மெஷின் ரிப்பேர் பார்க்கிற லேத் பட்டறையில் கொடுத்து, பானையின் அடிப்பக்கம் விரல் நுழையற சைஸில் மூணு ஓட்டை, மூடியில் ஒரு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு, போல்ட் போட்டு, திருப்பினால் திறக்கிற மாதிரி. உள்ளே கரிக்குத் தனியா ஒரு சின்ன இரும்புச் சட்டி, பானையில் படாமல் மூணு கால் வைத்து. கீழ்த்தட்டில் கொழுப்பு சொட்டுவதைப் பிடிக்க ஒரு கிண்ணம், மேல்தட்டில் கறி. போல்ட், கம்பி வாங்கும்போது மட்டும் உஷார். பளபளன்னு துத்தநாகம் பூசின ஜி.ஐ. சரக்கு வேண்டவே வேண்டாம். சூடேறினால் அந்தப் பூச்சு ஆவியாகும். அதை சுவாசித்தால் காய்ச்சல் வரும். அப்புறம், நம்ம ஊர்ல அடுப்பு பத்தவைக்க கைக்கு முதல்ல வர்றது பனியன் வேஸ்ட். சாயமும் பாலியஸ்டரும் கலந்த அந்தப் புகையைக் கறிக்குப் போடாதீங்க. தேங்காய் நார் போதும்.

வாசத்துக்கு மரம்? அதுக்குத்தான் வீட்டுலயே எக்ஸ்பெர்ட் இருக்காரே! எங்கப்பா சாயப்பட்டறையில் பாய்லர் ஃபயர்மேன். விறகு குமியிலிருந்து ஒரு துண்டு வேலிகாத்தான் கொண்டு வந்து கொடுத்தார். அதாங்க, ஊரே திட்டுகிற சீமைக்கருவேலம். டெக்ஸாஸ்காரர்கள் கறி புகை போடுவதற்கென்றே தேடி வாங்குகிற 'மெஸ்கைட்' மரம் இதோட பங்காளிதான். ரெண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அங்கே ராஜமரியாதை, இங்கே ஜே.சி.பி.!

அப்பாதான் புகையைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். "கருப்பா வந்தா காத்து பத்தலைன்னு அர்த்தம். வெள்ளையாக் குமுறுச்சுன்னா விறகு ஈரம். புகைபோக்கியில ஒண்ணுமே தெரியாம எரியுது பாரு... அதுதான்டா நல்ல எரிப்பு." காலேஜ்ல ஒரு செமஸ்டர் நடத்தினதை அப்பா ரெண்டு நிமிஷத்தில் முடிச்சுட்டார். கறிக்கு மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத லேசான நீலப்புகை வேணும். குபுகுபுன்னு வெள்ளையா வந்தால் கறி கசந்துவிடும். அடி ஓட்டையைத் திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும். அவ்வளவுதான் கன்ட்ரோல்.

அப்பா சொன்ன அந்தக் கடைசி வரியை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுதான் ஏழரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாடியில் எல்லாம் செட் பண்ணி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், மழை பிடித்துக்கொண்டது. மரத்துண்டு எரிந்து முடிந்து புகை நின்றுபோயிருந்தது. வெறும் கரி மட்டும் கனன்றுகொண்டிருந்தது. 'புகைதான் இல்லையே, அப்புறம் என்ன?' குண்டாவை அப்படியே தூக்கிட்டு வந்து சமையல்கட்டில் வைத்து, சாரல் அடிக்குதுன்னு ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். சூடு ஏறக்கூடாதுன்னு அடி ஓட்டைகளையும் பாதி மூடினேன். அமுச்சி பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம்னு சரியாச் சொல்லத் தெரியலை. எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பசின்னு நினைச்சேன். அமுச்சி, "கிறுகிறுன்னு வருதுடா சாமி" என்று சுவரில் சாய்ந்தது. வயசான உடம்பு, வெங்காய நெடின்னு நினைச்சேன். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தார். கதவைத் திறந்தவர் குண்டாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அமுச்சியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு மழையிலேயே வாசலுக்குப் போனார். திரும்பி வந்து என்னை சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, மூக்கில் ஆக்ஸிஜன். அமுச்சி கண்ணைத் திறந்து, "கேஸை அணைச்சியாடா?" என்று கேட்கும் வரைக்கும் நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கார்பன் மோனாக்ஸைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. நம்ம ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மலைப் பிரதேசத்தில் குளிருக்கு ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சுத் தூங்கினவங்க காலையில எந்திரிக்கலைன்னு நியூஸ் படிச்சிருப்பீங்களே, அது இதுதான். பாய்லரில் புகை தெரியவில்லை என்றால், தாராளமாகக் காற்று போய் முழுசாக எரிந்து மிச்சம் புகைபோக்கி வழியா வெளியே போகிறது என்று அர்த்தம். என் குண்டாவில் நடந்தது நேர் எதிர். ஸ்மோக்கரோட வேலையே காற்றை அடக்குறது. நான் ஓட்டையை மூட மூட, கரி பாதி எரிஞ்சு இந்த விஷத்தைத்தான் கூடுதலாக் கக்கியிருக்கு. ஜன்னலைத் திறந்து வெச்சா போதுமான்னு கேட்காதீங்க. ஹாஸ்டல் ரூம், பாத்ரூம், டென்ட், படிக்கட்டு... எங்கேயும் வேண்டாம். திறந்த வெளி மட்டும்தான். மழை வந்தா கறி போனாப் போகுது. முடிஞ்சதும் எல்லா ஓட்டையையும் மூடி, ஆறும் வரைக்கும் வெளியிலேயே கிடக்கட்டும்.

இந்தப் பக்கத்துக்கு ஸ்மோக்கர் பத்தி எழுதப் போறேன்னு சொன்னப்போ, அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்த மழை நாளையும் சேத்தி எழுது" என்றார்.

மறுபடி அதைத் தொட ரெண்டு மாசம் ஆச்சு. மாடி, வெட்டவெளி, அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு. முதல் நாள் ராத்திரியே கோழித்தொடையில் உப்பு, மஞ்சள், வரமிளகாய் விழுது தடவி வைத்திருந்தோம். உள்சூடு 110 டிகிரியை ஒட்டியே இருக்கும்படி, ஒன்றேமுக்கால் மணி நேரம். கலரை நம்பாதீங்க, புகை போட்ட கறி வெந்த பிறகும் உள்ளே லேசா சிவப்பாத்தான் தெரியும். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 74 டிகிரியைத் தாண்டுதான்னு பாருங்க. இன்னொண்ணு, புகை போட்டுட்டோம், ஒரு வாரம் தாங்கும்னு வெளியில வெச்சுடாதீங்க. உப்புக்கண்டம் கெடாமல் இருப்பது உப்பாலும் வெயிலாலும். நம்மது அன்னைக்கே காலி பண்ணவேண்டிய ஐட்டம்.

அமுச்சி ஒரு துண்டைப் பிய்த்து மூக்கருகே வைத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தது. அப்புறம் வாயில் போட்டது. நான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றேன்.

"வாசம் வந்திருச்சு. உப்பு பத்தல."

ஸ்டைபண்ட் பணத்தில் அமுச்சிக்குப் புது இட்லி குண்டா வாங்கிக் கொடுத்துட்டேன். எவர்சில்வர்தான். ஒவ்வொரு தடவை இட்லி ஊத்தி முடிச்சதும் கழுவித் துடைத்து, பீரோவுக்குள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறது.