சூரையும் டூனாவும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு புனேயில் நல்ல மழை. நானும் என்னுடன் தங்கியிருக்கும் தோழியும் வாடகை வீட்டின் சிறிய அடுக்களையில் நின்று, டூனாவும் சீஸும் வைத்த சூடான சாண்ட்விச் செய்தோம். செய்முறை எளிது, கீழே முழுமையாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த நீண்ட பதிவை எழுதத் தூண்டியது அந்த உணவன்று. அதைத் தின்றுகொண்டிருந்தபோது தொலைபேசியில் அப்பா சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள். குமரிக் கடற்கரை மீனவரின் தொழிற்சொற்களை மூன்றாண்டுகளாகத் தொகுத்துவருகிறேன். அத்தொகுப்பில் நான் ஐயமே கொள்ளாத ஒரு பதிவு பிழையானது என்பதை அவ்வாக்கியங்கள் காட்டின.

முதலில், மீன் உண்டு வளர்ந்த இரண்டு பேர் ஏன் டின் மீனை நாடினோம் என்பதைச் சொல்லவேண்டும். ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை இறுதிவரை 61 நாள்கள் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மகாராஷ்டிரத்துக்கும் அது பொருந்தும். என் ஊர் இருக்கும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கும் பொருந்தும். அந்நாள்களில் புனேச் சந்தையில் கடல்மீன் வரத்துக் குறையும். வருகிற மீனின் விலை உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு எட்டாது. தோழி இரத்தினகிரிக்காரி. நான் தூத்தூர்ப் பகுதியில் பிறந்தவள். இரண்டு வாரம் பொறுத்திருந்துவிட்டு, எண்ணெயில் அடைத்த 185 கிராம் டூனா டின் ஒன்றை வாங்கி வந்தோம்.

இனிச் செய்முறை. டின்னைத் திறந்து, மீனை வடிகட்டியில் இட்டுக் கரண்டியால் அழுத்தி, எண்ணெயை இயன்றவரை பிழிந்துவிடவேண்டும். முதன்முறை செய்தபோது இதில் சோம்பினோம். ரொட்டி ஊறிக் கூழாகிவிட்டது. பிழிந்த மீனை உதிர்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயம் பாதி, பச்சை மிளகாய் ஒன்று, மிளகுத்தூள், சில துளி எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ் ஆகியவற்றுடன் பிசைந்துகொள்ளவேண்டும். உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்த்தால் போதும். டின் மீனிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு உண்டு.

ரொட்டித் துண்டின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவவேண்டும். உட்புறத்தில் சீஸ், அதன்மேல் மீன், மீண்டும் சீஸ், பிறகு மற்றொரு ரொட்டி. சீஸ் இருபுறமும் இருப்பதற்குக் காரணம் உண்டு: மீனின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுக்கிறது, உருகியபின் உதிரி மீனையும் ரொட்டியையும் ஒட்டவைக்கிறது. ஒரு டின்னுக்கு மூன்று சாண்ட்விச் வரும். தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து, மூடியால் மூடி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் வாட்டவேண்டும். தீயைக் கூட்டினால் ரொட்டி கருகும். உள்ளே சீஸ் குளிர்ந்தே கிடக்கும். கடையில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸே இதற்கு ஏற்றது. அதில் சேர்க்கப்படும் உப்பு வகைகள் கொழுப்பும் நீரும் பிரியாமல் காப்பதால் சீராக உருகும்.

வாட்டும்போது மணம் எழும். எங்கள் வீட்டில் மணம் என்பது எளிய செய்தியன்று.

நான் புனேக்கு வந்த முதலாண்டில் வேறொரு வீட்டில் தங்கியிருந்தேன். அசைவம் சமைக்கக்கூடாது என்பது அங்கே வாய்மொழி நிபந்தனை. அம்மா செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தனுப்பிய சூரைக் கருவாட்டிலிருந்து ஒரு துண்டை, ஊர் நினைவு மிகுந்த ஓர் இரவில், சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சுட்டேன். மறுநாள் காலையில் வீட்டு உரிமையாளர் வாசலில் நின்றார். என்ன நாற்றம் என்று கேட்டார். உலர்ந்த மீன் என்று இந்தியில் சொன்னேன். மாத இறுதிக்குள் வீட்டைக் காலிசெய்யும்படி சொல்லிவிட்டார். நிபந்தனையை மீறியது என் தவறுதான், அதை மறுக்கவில்லை.

இப்போதைய வீட்டில் அத்தகைய தடை இல்லை. வாசனை மாடிப்படிக்கு வரக்கூடாது என்று மட்டும் கீழ்வீட்டில் இருக்கும் உரிமையாளர் அம்மையார் சொல்லியிருந்தார். முதன்முறை இந்தச் சாண்ட்விச் செய்த அன்று அவர் மேலே வந்து, என்ன சமையல் என்று கேட்டார். "டூனா சாண்ட்விச்" என்றேன். மீன் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. அவர் முகம் தெளிந்தது. உணவகத்தில் தம் மகன் அதைத்தான் விரும்பி வாங்குவான் என்றுகூடச் சொன்னார். கதவை மூடிவிட்டு நானும் தோழியும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. என்னை ஒரு வீட்டிலிருந்து வெளியேற்றியதும் மற்றொரு வீட்டில் மதிப்பைத் தேடித் தந்ததும் ஒரே குடும்பத்து மீன். சொல்தான் வேறு.

டூனா என்ற சொல்லின் பயணத்தை மொழியியல் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். கிரேக்கத்தில் 'தின்னோஸ்', இலத்தீனில் 'துன்னுஸ்', அரபியில் 'தூன்'. அரபியின் சுட்டிடைச்சொல்லையும் முன்னொட்டாக ஏற்று ஸ்பானியத்தில் அது 'அத்தூன்' ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், முன்னொட்டு உதிர்ந்த வடிவில், கலிபோர்னியாவின் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பொருளின் பயணமும் இதைப் போன்றதே. 1903இல் கலிபோர்னியாவின் சான் பெத்ரோவில் மத்தி வரத்துப் பொய்த்தபோதுதான், ஆல்பகோர் என்ற டூனா வகையை ஆவியில் வேகவைத்து டின்னில் அடைத்து விற்றுப் பார்த்தார்கள். வெந்ததும் சதை வெளுத்துக் கோழிக்கறியை ஒத்திருந்தது. அதுவரை அமெரிக்கர் பெரிதும் சீண்டாத மீன், சில பத்தாண்டுகளில் அவர்களுடைய அன்றாட மதிய உணவாகிவிட்டது.

இரத்தினகிரியில் இம்மீனைக் 'குப்பா' என்பார்கள். தோழி முதன்முதலில் அச்சொல்லைச் சொன்னபோது எனக்குக் குப்பை நினைவுக்கு வந்தது. ஒலியொற்றுமை தற்செயலானது. எனினும் அவள் வீட்டிலும் அது விருந்தினருக்கு வைக்கும் மீன் அன்று. வஞ்சிரமும் வாவலும்தான் அந்தத் தகுதி பெற்றவை. எங்கள் வீட்டிலும் அவ்வாறே. சூரையில் கேரைச்சூரை, எலிச்சூரை என வகைகள் உண்டு. எதுவானாலும், "சூரைதானே" என்ற ஏகாரத்தோடுதான் அம்மா சொல்லுவார். "ரத்த மீனு மக்களே, ரெண்டு வெள்ளம் கூடுதலா கழுவணும்" என்பார். தின்றால் உடம்பு சொறியும் என்பது ஊரார் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. சூரை ஓயாமல் நீந்தும் மீன். அதன் தசைகளில் மயோகுளோபின் மிகுதி. செந்நிறம் அதனால் வருகிறது. பெரும்பாலான மீன்களைப் போலன்றி, அதன் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரைவிட உயர்ந்திருக்கும். பிடித்தவுடன் பனிக்கட்டியில் புதைக்காவிட்டால், அதன் சதையில் நிறைந்துள்ள ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சமைத்தாலும் அது அழிவதில்லை. சொறியும் தடிப்பும் அதன் விளைவு. ஆகவே சூரையின் தாழ்ந்த மதிப்பு வெறும் பெயரால் வந்ததன்று. பனிக்கட்டி இல்லாத படகுகளின் காலத்தையும் அது சேர்த்துச் சுமந்து வந்திருக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தடைக்காலமானதால் அப்பா வீட்டில் இருந்தார். மற்ற மாதங்களில் அவர் ஆயிரங்கால் தூண்டில் போடும் ஆழ்கடல் படகில் கொச்சியிலிருந்து புறப்படுவார். கரை திரும்பப் பல நாள்களாகும். சாண்ட்விச்சைக் கடித்த நேரத்தில் அழைத்தார். என்ன சாப்பாடு என்று கேட்டார். சாண்ட்விச் என்றேன். உள்ளே என்ன என்றார். டூனா என்றேன். பிறகு, ஆய்வாளருக்குரிய பெருந்தன்மையோடு, "நம்ம சூரைதான் அப்பா, இங்கிலீஷ்ல டூனா" என்று விளக்கமும் சொன்னேன்.

அப்பா சிரித்தார். "அது அப்படி இல்ல மக்களே. கரையில இறக்கும்போ எல்லாம் சூரைதான். கம்பெனிக்காரன் வந்து, வாலுப் பக்கம் குத்திச் சதையை எடுத்துப் பாத்து, நல்லதுன்னு எடுத்தா அது டூனா. வேண்டாம்னு தள்ளினா அது திரும்பவும் சூரை" என்றார். சற்று நிறுத்தி, "நீ திங்கிறது டின்னுல அடைச்சதா? அப்போ அது டூனா இல்ல. டூனாவை எல்லாம் பச்சையாத் திங்கிறவனுக்கு அனுப்பிடுவானுவ. டின்னுக்குப் போறது சூரைதான்" என்றார்.

என் தொகுப்பில் 'சூரை' என்ற தலைச்சொல்லுக்கு எதிரே 'டூனா' என்று ஒரே சொல்லில் பொருள் எழுதியிருந்தேன். இரண்டும் ஒரு பொருட் பன்மொழி என்பது என் முடிவு. துறைமுகத்து வழக்கில் அவை அவ்வாறு இல்லை. அங்கே 'டூனா' ஓர் இனத்தின் பெயரன்று, ஒரு தரத்தின் பெயர். ஒரே மீன் காலையில் சூரையாகக் கரையேறி, பத்து மணிக்கு டூனாவாகி, பதினொரு மணிக்கு மீண்டும் சூரையாகலாம். உயிரோடு மேயும் விலங்குக்குச் சாக்சனியச் சொல்லும், மேசைக்கு வரும் இறைச்சிக்குப் பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலத்தில் நிலைபெற்ற கதையை வகுப்புகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கடன்சொல் பழைய சொல்லின் இடத்தைப் பிடிப்பதில்லை, பக்கத்தில் புதிய இடத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்று மாணவர்களிடம் விளக்கியிருக்கிறேன். என் வீட்டில் அதே நிகழ்வு நடந்துகொண்டிருந்ததை நான் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஊரில் பலரை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். அப்பாவைப் பதிவு செய்ததில்லை. அவர் எப்போதும் கடலில் இருக்கிறார் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அவர் பேச்சு எனக்குத் தெரிந்ததுதானே என்ற எண்ணம்தான் உண்மையான காரணம். தகவலாளி தரும் சொல்லை நம் முன்முடிவால் திருத்தக்கூடாது என்பது களப்பணியின் முதற்பாடம். அதை நான் மற்றவர்களிடம் பின்பற்றினேன், வீட்டில் மறந்துவிட்டேன்.

மற்றொன்றும் உறைத்தது. அப்பாவின் இலக்கணப்படி, உரிமையாளர் அம்மையாரிடம் நான் சொன்னது பொய். எங்கள் தோசைக்கல்லில் வாட்டியது சூரை. மறுநாள் மாலை படிக்கட்டில் அவரைப் பார்த்தபோது, "நேற்றும் டூனாவா?" என்று மராத்தியில் சிரித்துக்கொண்டே கேட்டார். தோழி என் முகத்தைப் பார்த்தாள். "குப்பா" என்றேன். "என் அப்பா பிடிக்கிற மீன்." அவர் சிரிப்பு சற்று அடங்கியது. சிறிது நேரம் கழித்து, "சன்னலைத் திறந்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். எங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிப்பாரா என்பது அப்போது தெரியும்.

தடைக்காலம் முடிவதற்குள் ஊருக்குப் போய் அப்பாவைப் பதிவு செய்யப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். 'சூரை' என்ற பதிவை அடித்துவிட்டு இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறேன். 'டூனா' தனித் தலைச்சொல்லாக வரும். கடற்கரை ஊர்களிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் ஏலத்துக்கு முன் ஒரு பெயரும் ஏலத்துக்குப் பின் வேறு பெயரும் பெறும் மீன்கள் உண்டா? இருந்தால் எழுதுங்கள். அதற்கு முன், வீட்டில் இருக்கிற யாரையாவது ஒருமுறை கேட்டுவிடுங்கள்.