60 ஹெச்.ஆர்.சி.யும் எங்க மேஸ்திரியும்

கடைசல்னு தமிழ்ல ஒரு அருமையான வார்த்தை இருக்கு. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில நான் வேலை பார்த்த வருஷங்கள்ல அதை வாய் நிறையச் சொன்ன ஒரே ஆள் எங்க மேஸ்திரிதான். மத்தவங்களுக்கெல்லாம் டர்னிங். மில் ஒர்க்‌ஷாப்ல தொழில் கத்துக்கிட்டு, புதுச்சேரி மில்லுங்க நொடிஞ்சப்புறம் சின்னப் பட்டறைக்கு வந்தவர். (ஏ.எஃப்.டி. மில்லையும் 2020-ல இழுத்து மூடிட்டாங்க. 1898-ல ஆரம்பிச்சது. அது தனிக்கதை, இன்னொரு நாள் புலம்பறேன்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்க ஜாப் ஒரு ஸ்லீவ். 50 மில்லி விட்டம், 40 மில்லி நீளம், அது மேல ஊசி ரோலர் ஓடும். இரும்பு, ஈ.என். 31. பேரிங் செய்யற அதே சாதி. ஹீட் ட்ரீட்மெண்ட் முடிஞ்சு வரும்போது 60 ஹெச்.ஆர்.சி. இருக்கும். அரத்தை வச்சுத் தேய்ச்சா வழுக்கிட்டுப் போகும்.

பழைய முறைன்னா பச்சையா இருக்கும்போதே கடைஞ்சு, அப்புறம் கடினப்படுத்தி, கடைசியா கிரைண்டிங். இந்த இரும்பு மேல கார்பைட் டிப்பைக் காட்டினா சீக்கிரமே முனை போயிடும். வைரம் வச்சா என்னன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். வைரம் முழுக்க கார்பன், சூடான இரும்பு கார்பனைக் கரைச்சு இழுத்துக்கும். வைரமே தேஞ்சு போகும்! அதுக்குத்தான் சி.பி.என்., அதாவது போரானும் நைட்ரஜனும் சேர்ந்த க்யூபிக் போரான் நைட்ரைடு. 1957-ல ஜெனரல் எலக்ட்ரிக்ல ராபர்ட் வென்டார்ஃப் உண்டாக்கினது. கடினத்துல வைரத்துக்கு அடுத்த இடம், ஆனா இரும்போட சண்டை போடாது.

சி.பி.என். வந்தப்புறம் கிரைண்டிங் வேண்டாம், சி.என்.சி.லயே ஃபினிஷ். நிமிஷத்துக்கு 150 மீட்டர் வேகம், 0.1 மில்லி ஃபீட், கூலண்ட் கிடையாது. சுருள் ஆரஞ்சு கலர்ல தகதகன்னு வரும். மொத நாள் பார்த்தப்போ வாயப் பொளந்துட்டேன். முனை ஆரம் 0.8 மில்லின்னா கணக்குப்படி ஆர்.ஏ. 0.4 மைக்ரான் கிட்ட வரணும், புது முனையில வரவும் செஞ்சது. அப்புறம் அதைப் பத்திரமா வைக்கிறது தனி வேலை. நம்மூர் கடல்காத்துக்கு, வேர்வைக் கையால தொட்டு வச்சா மறுநாள் காலையில விரல் ரேகை துருவா நிக்கும்.

சண்டை எங்கன்னா, ஒரு முனையில எத்தனை பீஸ் எடுக்கறது? மேஸ்திரி 40-க்கு முனையை மாத்துவார். முதலாளிக்கு 60 வேணும். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த இன்சர்ட் விலை என்னோட பல நாள் சம்பளம். முதலாளி பக்கம் ஆதாரமும் இருந்துச்சு. 55-வது பீஸை மீட்டர்ல வச்சா ஆர்.ஏ. பாஸ். பார்க்கவும் 10-வது பீஸை விட ஜோரா மின்னுது.

"அதான்டா எனக்கு பயமே. வெட்டுனா இப்படி மின்னாது, தேய்ச்சாதான் மின்னும்" என்றார் மேஸ்திரி.

அவர் காதால கேட்டுச் சொன்னதை நான் மைக்ரோமீட்டர்ல பார்த்தேன். 40 தாண்டினதும் விட்டம் கொஞ்சம் கொஞ்சமா பெருத்துக்கிட்டே போகுது. முனையோட பக்கவாட்டு தேஞ்சு பட்டையாகிட்டா, அது இரும்பை அறுக்கறதை விட அழுத்தித் தேய்க்கறது அதிகம். பாடத்துல 0.3 மில்லி தேய்மானத்தை முனையோட ஆயுள் முடிவுன்னு வச்சிருப்பாங்க. ஃபினிஷிங்குக்கு அவ்வளவு தூரம் போகவே கூடாதுங்கறது என் கட்சி.

முதலாளி அந்த 20 பீஸையும் பேக் பண்ணச் சொல்லிட்டார். மேஸ்திரி கார்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். வேற வழியில்லாம, 57-வது பீஸைக் குறுக்க வெட்டி, தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு காலேஜ் லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். பாலிஷ் போட்டு, நைட்ரிக் ஆசிட் கலந்த ஆல்கஹால்ல நனைச்சு, மைக்ராஸ்கோப்புல வச்சாங்க.

விளிம்புல சில மைக்ரான் தடிமனுக்கு வெள்ளையா ஒரு கோடு. அதுக்குக் கீழே கருப்பா ஒரு பட்டை. தேஞ்ச முனை உரசின சூட்டுல மேல்தோல் ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துல கொதிச்சு, உள்ளே இருக்கற குளிர்ந்த இரும்பால டக்குனு குவெஞ்ச் ஆகியிருக்கு. அந்த வெள்ளை, கண்ணாடி மாதிரி. கடினம், ஆனா நொறுங்கும். கருப்பு, சூட்டுல இளகிப் போனது. ரோலர் ஓட ஓட அந்தத் தோல் செதிலா உரியும். அந்தக் கண்ணாடியை, இளகின மெத்தை மேல ஒட்டி வச்சுத்தான் அனுப்ப இருந்தோம். ஆர்.ஏ. மீட்டர் மேட்டையும் பள்ளத்தையும் தடவிப் பார்க்கற கருவி, தோலுக்குக் கீழே அதுக்கு எதுவும் தெரியாது.

போட்டோவை முதலாளி மேஜையில வச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். "திரும்ப கிரைண்ட் பண்ணிக் காப்பாத்த முடியாதா?"ன்னு கேட்டார். மேஸ்திரி ட்ராயிங்கைத் திருப்பிக் காமிச்சார். பெருத்ததெல்லாம் சில மைக்ரான்தான். வெள்ளையும் கருப்பும் மொத்தமா போற அளவுக்கு எடுத்தா சைஸ் கீழே போயிடும். லேபுக்குப் போனது போக மிச்சம் 19 பீஸும் ஸ்கிராப். அன்னிக்கு சாயந்திரம் மெஷின் மேல சாக்பீஸ்ல 40-ன்னு எழுதினது முதலாளிதான். மேஸ்திரி அதை அழிச்சுட்டு 38-ன்னு போட்டார் :-)