முதல் கியர்

காரில் செய்கிற மாற்றங்களில் யார் கண்ணிலும் படாதது ஃப்ளைவீல்தான். ஸ்போர்ட் ரிம் போட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். எக்ஸாஸ்ட் மாற்றினால் தாமான் முழுக்கத் தெரியும், சாலைத் தடுப்பில் நிற்பவருக்கும் தெரியும். ஃப்ளைவீலோ இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு கூட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. போட்டவனையும் போர்மேனையும் தவிர யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. ஊருக்குக் காட்டுவதற்காக அதை மாற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, அந்த ஒரு முடிவை எடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

என் கார் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1990களின் கடைசியில் வந்த மாடல். மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் 4ஜி93 இஞ்சின், ரெக்காரோ சீட், பின்னால் ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ என்று ஒரு முத்திரை. புரோட்டோன் 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியிருந்தது. 2002-இல் கரம்ஜிட் சிங் புரோட்டோன் ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். சாலையில் நம் வீட்டுக் கார்களுக்கு நடுவே ஓடுகிற ஒரு பெயர், உலகத்தில் எங்கோ ஜெயித்துவிட்டது என்பது அந்த வயதில் பெரிய செய்தி. அப்பா தன் பங்குக்கு பத்து தீகா பந்தயத் திடலைப் பற்றிச் சொல்வார். 1968-இல் திறந்த திடல் அது. இன்று அங்கே குடியிருப்புகள். இப்போது ஆசையுள்ளவன் செப்பாங்குக்குத்தான் போகவேண்டும். நானும் போகிறேன், வருஷத்துக்கு இரண்டு தடவை.

போன வருஷம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும். இறக்கினால் ஃப்ளைவீல் கைக்கு எட்டும். கூலி ஒரே கூலிதான். “மாத்துறதா இருந்தா இப்பவே சொல்லிடு தம்பி. அப்புறம் வந்து கேட்டா மறுபடி மொதல்லேருந்து காசு” என்றார் மேரு சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் அண்ணன். அலமாரியில் ஒரு குரோமோலி ஃப்ளைவீல் இருந்தது. என்னுடையதைவிட நான்கு கிலோ குறைவு. விலை ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே.

ஃப்ளைவீல் செய்கிற வேலை எளிது. இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு அடிக்கு ஓர் அடியில்தான் தள்ளுகிறது. மற்ற மூன்று அடியும் காற்றை இழுக்க, அழுத்த, புகையை வெளியேற்றவே போய்விடும். நான்கு சிலிண்டர் முறை மாற்றித் தள்ளினாலும் விசை ஒரே சீராக வராது, துடிப்பு துடிப்பாகத்தான் வரும். 800 ஆர்பிஎம்மில் சும்மா நிற்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 27 துடிப்பு. கனமான வட்டு அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு சீராகக் கொடுக்கிறது. வட்டு லேசாக இருந்தால் இஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். காலைத் தொட்டவுடன் பதில் சொல்லும். அந்தச் சத்தத்தை ஒருமுறை நண்பன் காரில் கேட்டுவிட்டால் சொந்தக் கார் சோம்பேறியாகத் தெரியும்.

ஆனால் அது இஞ்சினின் சக்தியில் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டுவதில்லை. இருக்கும் சக்தியில் தன்னைச் சுழற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் பங்கு குறைகிறது, அவ்வளவுதான். அந்தப் பங்கு கியருக்குக் கியர் மாறும். தோராயமான எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். நான்கு கிலோ, மையத்திலிருந்து சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளி. முதல் கியரில் டயர் ஒருமுறை சுற்ற இஞ்சின் 13 முறை சுற்றுகிறது. கணக்கில் அந்த 13-ஐ 13-ஆல் பெருக்கவேண்டும். விடை, முதல் கியரில் வேகமெடுக்கும்போது காரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோவைக் குறைத்ததற்குச் சமம். இரண்டாவது கியரில் 30 கிலோவுக்குக் கிட்டே. ஐந்தாவது கியரில் ஐந்தாறு கிலோ. வேகம் மாறாமல் போய்க்கொண்டிருந்தால் லாபம் ஒன்றுமே இல்லை.

அண்ணனிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “அதான், மொத கியர்ல ஓராள எறக்கிவிட்ட மாதிரி இருக்கும்” என்றார்.

என் காரின் முதல் கியரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் அப்போதுதான் யோசித்தேன்.

அம்மாவுக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அண்ணன் சிங்கப்பூரில். ஏற்றிக்கொண்டு போய்க் கூட்டிவருவது நான். ரெக்காரோ சீட் தாழ்வானது, இரண்டு பக்கமும் அணைப்பு உயர்ந்தது. வளைவில் உடம்பைப் பிடித்துக்கொள்ளச் செய்தது. அதில் அம்மா இறங்கி உட்காருவதும் எழுவதும் தனி வேலை. முடித்து வெளியே வரும்போது சில நாள் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். தலை சுற்றும், குளிரும். அப்போது கார் ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், மடியில் இருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்துவிடுவார். லேசான ஃப்ளைவீல் கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதைத்தான் செய்யும். கிளட்சை விடுகிற கால் கொஞ்சம் பிசகினால், தாங்கிக்கொள்ளச் சேமிப்பில் ஒன்றும் இருக்காது. குலுங்கும், அல்லது நின்றுபோகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்க்கையே முதல் இரண்டு கியரில்தான் நடக்கிறது. நான் வேலைக்குப் போவது பிரிக்பீல்ட்ஸுக்கு. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்களை 2018 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். டோல் போனது, ஜேம் போகவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு மாலை நேரம் மாட்டிப் பாருங்கள், மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். லேசான ஃப்ளைவீலின் லாபம் எந்தக் கியரில் அதிகமோ, அதன் தொல்லையும் அதே கியரில்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவராகத்தான் கேட்டார்.

“என்னாடா அது, ரெண்டு வாரமா போன்ல அதையே பேசுற?”

“ஃப்ளைவீலும்மா. ஒங்க தையல் மெஷின்ல கைப்பக்கம் ஒரு சக்கரம் இருக்குல்ல, அது செய்யற வேலைதான். லேசானதா மாத்தலாமான்னு பாக்குறேன்.”

அம்மா முப்பது வருஷம் ஜாலான் தெங்கு கிளானா கடைகளுக்கு ரவிக்கை தைத்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சக்கரம் கனமா இருந்தா மிதிக்க சொகம். கால் அசந்தாலும் அது இழுத்துட்டுப் போயிடும். ஆனா கழுத்து வளைவு தைக்கறப்ப அதான் எமன். நான் நிறுத்துனாலும் அது ரெண்டு தையல் ஓடிட்டுத்தான் நிக்கும். அந்த ரெண்டு தையல்லதான் துணி கெடும். கையால புடிச்சி நிறுத்துவேன்.” பிறகு, “ஒனக்கு எது வேணுமோ அதப் போட்டுக்க. எனக்காகப் பாக்காத” என்றார்.

லேசான ஃப்ளைவீலுக்கு ஆதரவாக நான் கேட்டதிலேயே சிறந்த வாதம் அதுதான். பந்தயக்காரர்கள் சொல்வதும் இதே விஷயம்: நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் இஞ்சின் நிற்கவேண்டும்.

மலிவான வழி ஒன்றும் இருந்தது. பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே கடைசலில் கொடுத்து இளைக்க வைப்பது. அண்ணன் அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றார். சுற்று இரட்டித்தால் வட்டைப் பிய்க்கிற விசை நாலு மடங்காகும். இளைத்த வார்ப்பிரும்பு 7,000 ஆர்பிஎம்மில் உடைந்தால் துண்டுகள் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நடுத்தர எடையில் வேறொன்று வரவழைக்கலாம் என்றார். அதன் விலை இன்னும் அதிகம்.

கடைசியில் அவர் கேட்டது இரண்டே கேள்வி.

“செப்பாங் எத்தன தடவ போற?”

“வருஷத்துக்கு ரெண்டு.”

“அம்மாவ கூட்டிட்டு?”

“வாரத்துக்கு மூணு.”

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பழைய ஃப்ளைவீலின் முகத்தை மட்டும் சீவி மட்டமாக்கி, புது கிளட்சோடு திரும்ப ஏற்றச் சொன்னேன். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு அந்த நான்கு கிலோ இப்போதும் வேண்டும். ஞாயிறு காலை உலு யாம் சாலையில் கியர் மாற்றும்போதெல்லாம், கிளட்சை மிதித்த பிறகும் ஆர்பிஎம் முள் இறங்க மனமில்லாமல் மேலே தொங்குகிறது. அரை வினாடி காத்திருந்துதான் அடுத்த கியரைப் போடுகிறேன். அம்மா சொன்ன இரண்டு தையல் அதுதான்.

வண்டியை எடுக்கப் போன அன்று குரோமோலி ஃப்ளைவீல் அலமாரியிலேயே இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அண்ணன், “எங்கயும் போவாது தம்பி. அடுத்த கிளட்சுக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

ஒரு கிளட்ச் எனக்கு எத்தனை வருஷம் வரும் என்பது ஓரளவு தெரியும். நான்கு கிலோவுக்குப் போட்ட மாதிரி இதற்கும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடலாம். நான் போடவில்லை. அந்தக் கிளட்ச் மெதுவாகத் தேயட்டும்.