மாந்தோப்பின் களைகள்

சென்ற ஆண்டு பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய மாலை, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஒரு கட்டு அருகம்புல் வாங்கினேன். பக்கத்தில் எருக்கம்பூ மாலைகளும் தும்பைப் பூவும் குவிந்திருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டு நடக்கும்போதுதான் உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன், ஆடியில், இதே அருகம்புல்லை அழிப்பதற்கும் நான்தான் பணம் கொடுத்திருந்தேன்.

கிருஷ்ணகிரிக்கு அருகே அப்பா விட்டுச்சென்ற மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் எட்டிப் பார்க்கிற உரிமையாளன் நான். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, மருந்தடித்துவிடலாம், செலவில் பாதி தாருங்கள் என்று குத்தகைக்காரர் தொலைபேசியில் கேட்டார். சரி என்றேன்.

அப்பாவுடன் நடந்தால் தோப்பு ஒரே நிலமாகத் தோன்றாது. மரநிழலில் குப்பைமேனி, கீழாநெல்லி. வரிசைகளுக்கு நடுவே வெயில் விழும் இடங்களில் நெருஞ்சி, மூக்கிரட்டை, தும்பை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம்மூர்ப் பெயர் பெற்றுவிட்ட வெட்டுக்காயப் பூண்டு. வாய்க்கால் ஈரத்தில் கரிசலாங்கண்ணி, பொடுதலை, கோரை. வேலியடியில் நாயுருவி. மரங்கள் கிளைவிரித்து நிழல் பெருகப் பெருக, வெயில் பூண்டுகள் பின்வாங்கும். தோப்பின் வயதைக் களையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார் அப்பா. புறத்தே வன்மையுடையது புல், அகத்தே வன்மையுடையது மரம் என்ற தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு, காலடியில் கிடந்தவற்றில் பாதியின் பெயர் அவர் சொல்லித்தான் தெரியும்.

கொடியோரை அரசன் கொலையில் ஒறுப்பதற்கு வள்ளுவர் காட்டிய உவமை களையெடுப்பு. ஆனால் அவர் பேசியது பசும்பயிரைப் பற்றி. மாங்கன்று இளையதாக இருக்கையில் அதன் அடியை வட்டமாகக் கொத்திச் சுத்தமாக வைத்திருந்தார் அப்பா, அது நியாயம். நாற்பது வயது மரத்தைக் கீழாநெல்லி என்ன செய்துவிடும்? (அந்தக் கீழாநெல்லியைக் கொண்டு மஞ்சள்காமாலைக் கிருமி பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. எஸ்.பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றவர்கள். பின்வந்த ஆய்வுகள் பல அதை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.)

ஐப்பசி மழைக்குப் பிறகு தோப்புக்குப் போனேன். நிழலுக்கும் வெயிலுக்கும் வேறுபாடு இல்லாமல் கோரை முளைத்திருந்தது. மண்ணுக்கடியில் கிழங்குகளைக் கோத்து வைத்திருக்கும் அதற்கு, மேலே இலை கருகுவது பெரிய இழப்பில்லை. காலியாகக் கிடந்த மற்ற இடங்களைப் பார்த்தீனியம் பிடித்திருந்தது. அப்பா காலத்தில் அது சாலையோரத்தோடு நின்றிருந்தது.

முன்பு களைபறிக்க வந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் இரண்டு ஆடுகளுடன் வேலியோரம் நின்றிருந்தார். அந்நாளில் கூலியோடு ஒரு சுமை புல்லும் அவர்களுக்கு உரியது.

"மருந்தடிச்ச எடமுங்களே, ஆட்டை வுடலாமுங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றேன். அவர் ஆடுகளைச் சாலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

இந்த ஆண்டு மருந்து வேண்டாம், கொத்துக்கூலி முழுவதையும் நானே தருகிறேன் என்று குத்தகைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்கிறார்.